கிள்ளானுக்கு எத்தனை பருவம்?

ஓராண்டுக்குப் பருவங்கள் எத்தனை என்று கேட்டால், நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்லி விடுவார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசி பங்குனி பின்பனி. சித்திரை வைகாசி இளவேனில். ஆனி ஆடி முதுவேனில். நானும் சிறு வயதில் இப்படித்தான் மனப்பாடம் செய்தேன். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

அடுத்த கேள்வியில்தான் வம்பு. "சரி கண்ணு, இன்றைக்கு என்ன பருவம்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை விரல் விட்டு எண்ணும். தை மாதம் என்றால் முன்பனி என்று சொல்லும். சொல்லிவிட்டுச் சன்னல் வழியாக வெளியே பார்க்கும். வெளியே தார்ச்சாலை வெயிலில் பளபளக்கிறது. பக்கத்து வீட்டு நாய் காருக்கு அடியில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறது.

"டீச்சர், பனி எங்கே?"

நியாயமான கேள்விதானே!

இந்தக் கணக்கு தமிழ்நாட்டு வானத்தைப் பார்த்து எழுதிய கணக்கு. நம் பாட்டன் பாட்டிமார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியபோது சட்டி பானையோடு மாதங்களையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் (1972-இல்தான் அதற்குக் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது) இறங்கிய அவர்கள் ஆடியில் கூழ் ஊற்றினார்கள், புரட்டாசியில் விரதம் இருந்தார்கள், தையில் காவடி எடுத்தார்கள். ஆனால் தலைக்கு மேலே இருந்த வானம் வேறு வானம். கிள்ளான் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகை தூரத்தில் இருக்கிறது. இங்கே வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் பங்காளிகள் மாதிரி ஒரே வீட்டில் இருந்துகொண்டு சண்டை போடுகின்றன.

வானிலைக்காரர்கள் நமக்கு இரண்டு பருவக்காற்றுச் சொல்கிறார்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கு. வடகிழக்கில் கிளந்தானும் திரெங்கானுவும் மூழ்கும்; நம் பக்கம் அவ்வளவு கொடுமை இருக்காது. இரண்டுக்கும் நடுவில், ஏப்ரலையும் அக்டோபரையும் ஒட்டி, காற்று ஓய்ந்து நிற்கும் நாள்களில்தான் கிள்ளானுக்கு நல்ல மழை. காலையில் சுள்ளென்று வெயில், மூன்று மணிக்கு மேகம், நாலு மணிக்கு இடி. துணி காயப் போடும் தாய்மார்களுக்கு இதை வானிலை நிலையம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. அதை எந்தப் பாடநூலிலும் நான் பார்த்ததில்லை.

கித்தா மரம் ஆண்டுக்கு ஒருமுறை இலை உதிர்க்கும். மாசி பங்குனியை ஒட்டி இலைகள் பழுத்துச் சிவந்து, காற்றடித்தால் மழை மாதிரி கொட்டும். நிரை நிரையாக மரங்கள் மொட்டையாய் நிற்கும். நடந்தால் காலடியில் சரசரவென்று சத்தம். அப்புறம் செம்பு நிறத்தில் தளிர் வரும். பார்க்க அழகுதான். ஆனால் இலை உதிர்ந்தால் பால் குறையும். சில தோட்டங்களில் அந்தச் சமயம் பால்வெட்டையே நிறுத்தி வைப்பார்கள். பால் குறைந்தால் கைக்காசு குறையும். தோட்டத்துக் கடைக்காரர் புத்தகத்தில் நம் பேருக்கு நேரே இருக்கும் எண் மட்டும் கூடும். பிள்ளைகளுக்குச் சருகில் புரண்டு விளையாடும் காலம். தாய்க்கு அரிசியை அளந்து அளந்து போடும் காலம். அதற்கு முதுவேனில், பின்பனி மாதிரி அழகான பெயர் எதுவும் கிடையாது. "எலை கொட்டுற காலம்" என்பார்கள், அவ்வளவுதான்.

ஆடி ஆவணியில் கித்தாக் கொட்டை வெடிக்கும். பகல் வெயிலில் 'பட் பட்' என்று காடெல்லாம் சத்தம் கேட்கும். பளபளவென்று புள்ளி போட்ட அந்தக் கொட்டைகளைப் பொறுக்கி விளையாடாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? சிமெண்டில் தேய்த்து அடுத்தவன் காலில் சுடு வைப்பது ஒரு விளையாட்டு. வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இதைப் படிக்கும்போது காலைத் தடவிப் பார்ப்பார்கள்.

மழைக்கு வருகிறேன். பால்வெட்டு ஏன் விடிவதற்கு முன்னே நடக்கிறது என்று இன்றைய பிள்ளைகள் கேட்பதுண்டு. குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தின் பட்டைக்குள் அழுத்தம் நிறைய இருக்கும். வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்து வெட்டுவாயில் உறைந்து விடும். ஆகவே இருட்டிலேயே பெரட்டு, தலையில் விளக்கு, மரத்துக்கு மரம் ஓட்டம். இந்த நேரத்தில் மழை பெய்தால் தீர்ந்தது. ஈரப் பட்டையில் பால் கோடு பிடிக்காமல் வழிந்து ஓடிவிடும். வெட்டி முடித்த பிறகு பெய்தாலோ மங்கில் இருந்த பாலெல்லாம் தண்ணீரோடு தரையில்.

அதிலும் தென்மேற்குக் காலத்தில் மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் பாய்ந்து வரும் ஓர் இடிமழை உண்டு. கப்பல்காரர்கள் அதற்குச் 'சுமத்ரா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அது வருவது சரியாகப் பெரட்டு நேரத்துக்கு! வேலை இல்லாத நாளுக்குக் கூலி இல்லை என்பது நெடுங்கால வழக்கம். தோட்டத் தொழிலாளருக்கு மாதச் சம்பளம் வேண்டும் என்று 1990-களில் குரல் எழுந்ததற்கு இந்த மழை நாள்களும் ஒரு காரணம்.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் நம் குலதெய்வம் யார்? மாரியம்மன். மாரி என்றாலே மழை. ஊரிலே நெல்லும் கம்பும் விளைவித்த நம் முன்னோர், "தாயே, மழையைக் கொடு" என்று அவளிடம் கையேந்தினார்கள். அவர்கள் பிள்ளைகள் இங்கே அதே தாயிடம் போய், விடியற்காலை மழை வராமல் இருக்க வேண்டினார்கள்! அதற்காக அவர்கள் தெய்வத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வேண்டுதலைத்தான் கொஞ்சம் திருத்திக்கொண்டார்கள். "மழை பெய்யட்டும் ஆத்தா, பால் எடுத்தப்புறம் பெய்யட்டும்" என்று லயத்துப் பாட்டிமார் வேண்டுவதைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். எவ்வளவு பக்குவமான பிரார்த்தனை! கிணறும் நிறைய வேண்டும், வாளியும் நிறைய வேண்டும். நேரத்தை மட்டும் பார்த்துச் செய் என்று தெய்வத்திடமே கேட்கிற உரிமை அவர்களுக்கு இருந்தது. பெரிய சமயச் சொற்பொழிவுகள் பலவற்றைக் கேட்டுவிட்டேன். இந்த ஒரு வரியில் இருக்கிற நம்பிக்கை அவற்றில் எனக்குக் கிடைத்ததில்லை.

மழை விடியலில் வந்தால் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு லாபம். மற்ற நாள்களில் அம்மா விடியுமுன்னே கிளம்பி விடுவாள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போகும். பெரிய பிள்ளை தானே எழுந்து, தம்பி தங்கையைக் கிளப்பிப் பள்ளிக்கு வரவேண்டும். மழை நாளில் அம்மா வீட்டில் இருப்பாள். அன்றைக்குத்தான் பிள்ளைகள் தலை வாரி எண்ணெய் வைத்து, சூடாகப் பசியாறிவிட்டு வகுப்புக்கு வரும். தோட்டத்துப் பள்ளியில் வேலை பார்த்த வாத்தியார்மார், பிள்ளைகளின் தலையைப் பார்த்தே தோட்டத்தில் அன்று பால்வெட்டு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தக் காலம் பொற்காலம் என்று பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. மழையின் அழகைப் பற்றிப் பேசினால் அன்றைய கூலியைப் பற்றியும் பேச வேண்டும். பள்ளிக்கூடம் கூடச் சும்மா வந்துவிடவில்லை. பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டம் சொன்னதே தவிர, பல இடங்களில் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒரே கூடத்தில் என்றுதான் நடந்தது. கிராணியோ கங்காணியோ இடையில் வந்து நாலு எழுத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன தோட்டங்களும் உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது; ஆர். எச். நாதன் முன் நின்று நடத்தினார். கூலி உயர்வு, கள்ளுக்கடையை மூடுதல், துரைக்கு எதிரே சைக்கிளில் ஏறிச் செல்லும் உரிமை ஆகிய கோரிக்கைகளோடு பிள்ளைகளுக்கு முறையான கல்வி என்பதும் ஒரு கோரிக்கை. நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நம் கிள்ளான் பிள்ளைகள் இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறக்குறைய 530. மூடிய பள்ளிகளில் பல, தோட்டம் போனதால் போனவை. கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனை நமக்குப் புதிதல்ல. 1917-இலேயே கோலசிலாங்கூரில் தென்னமாரம் தோட்டத்தில் அதை வாணிபமாகப் பயிர் செய்யத் தொடங்கினார்கள். ஆனால் கித்தாவைத் தள்ளிவிட்டு அது தோட்டமெல்லாம் பரவியது பின்னால்தான். செம்பனைக்கு இலை உதிர் காலம் இல்லை. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆண்டு முழுவதும் குலை வெட்டலாம். ஒரு காலத்தில் அதன் பூவுக்கு மகரந்தம் தூவும் வேலையாவது பெண்களுக்கு இருந்தது. 1981-இல் ஆப்பிரிக்காவின் கமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அது அந்த வேலையை இலவசமாகச் செய்யத் தொடங்கிவிட்டது.

பிறகு செம்பனையும் போய்த் தாமான்கள் வந்தன. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. புக்கிட் ராஜா தோட்டம் இருந்த பக்கம் இன்று பண்டார் புக்கிட் ராஜா. லயத்தில் இருந்தவர்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார்கள். பதினோராவது மாடியில் இருக்கிற பிள்ளைக்குப் பருவம் என்றால் என்ன தெரியும்? பள்ளி விடுமுறை தெரியும். ஜாலான் தெங்கு கிளானாவில் கூடாரம் போட்டு முறுக்கும் சேலையும் விற்கத் தொடங்கினால் தீபாவளி வருகிறது என்று தெரியும்.

போதாக்குறைக்கு நம் காலத்தில் ஏழாவது பருவம் ஒன்றும் சேர்ந்துகொண்டது: புகைமூட்டம். சுமத்ராவில் காடும் சதுப்புக் கரிநிலமும் எரிந்தால் தென்மேற்குக் காற்று அதை அள்ளிக்கொண்டு நம் சமையலறைக்கே வந்துவிடும். 2005 ஆகஸ்டு 11-ஆம் நாள், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால், கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்கள். பள்ளிகள் மூடப்பட்டன. அன்று வியாழன். மறுநாள் ஆடி வெள்ளி! மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அம்மனைக் கும்பிட்ட ஆடி வெள்ளி அது. அன்றைக்கு மாரியிடம் எந்த நேரத்து மழை என்று யாரும் கணக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பெய்தால் போதும் என்றுதான் கேட்டிருப்பார்கள். பதினாறு ஆண்டு கழித்து, 2021 டிசம்பர் 18-ஆம் நாள், மார்கழி பிறந்த மூன்றாம் நாளில், விடாமல் பெய்த மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை வரைக்கும் தண்ணீர் ஏறியது. வடகிழக்குப் பருவத்தில் நம் பக்கம் கொடுமை இருக்காது என்று மேலே எழுதினேன் அல்லவா? அந்தக் கணக்கையும் வானம் ஒருநாள் அடித்து எழுதிவிட்டது. வெள்ளம் வடிந்த பிறகு சுவரோரம் காயப் போட்டிருந்தவற்றில் மெத்தைக்கு அடுத்தபடி அதிகம் பள்ளிப் புத்தகங்கள்தான்.

ஆகவே பிள்ளை "பனி எங்கே?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, கிள்ளான் பக்கம் நாலாம் ஆண்டுக்குப் பாடம் நடத்துகிறவர், நல்ல வழி ஒன்று கண்டுபிடித்தார். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு நோட்டு. அதில் தினமும் ஆங்கில தேதி, தமிழ் மாதம், தேதி, மழை வந்ததா, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுத வேண்டும். தமிழ்த் தேதி தெரிய வேண்டுமே! பிள்ளைகள் வீட்டிலே நாள்காட்டியைத் தேடின. தெரியாத பிள்ளை பாட்டியைக் கேட்டது. பாட்டிமாருக்கு அப்படியொரு மகிழ்ச்சி. எத்தனையோ நாளாக யாரும் அவர்களிடம் எதையும் கேட்டதில்லை. ஆண்டு முடிவில் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்: ஆனி மாதத்துப் பக்கங்களில் மழை குறைவு, ஐப்பசிப் பக்கங்களில் பெரும்பாலும் சாயங்கால மழை. ஒரு பையன் 'மழை' என்று எழுதி அதற்குக் கீழே 'அப்பா இன்னும் வரவில்லை' என்றும் எழுதியிருந்தான். கூட்டரசு நெடுஞ்சாலையில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று கிள்ளான்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஆறு பருவப் பெயர்களையும் அவர் விடவில்லை. முதலில் நோட்டு, பிறகு ஆறு பெயர், பிறகு உலகப் படத்தில் தமிழ்நாடு எங்கே, நாம் எங்கே என்று காட்டினார். பனி எங்கே என்ற கேள்விக்கு அப்போதுதான் சரியான பதில் கிடைத்தது.

புரட்டாசியைப் பற்றிச் சொல்லாவிட்டால் கிள்ளான்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். நம் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் ஆலயத்தைத் தென்கிழக்காசியாவின் திருப்பதி என்றே அழைக்கிறார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அங்கே நிற்க இடம் இருக்காது. மாலையில் இடி இடிக்கும். பூத்தட்டைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு மக்கள் மண்டபத்துக்கு ஓடுவார்கள். புரட்டாசி கார்காலம் என்ற ஏட்டுக் கணக்கு, ஆச்சரியமாக, கிள்ளானில் ஏறக்குறையப் பொருந்தி வருகிறது.

அதே புரட்டாசியில், சில ஆண்டு ஐப்பசியில், நவராத்திரி. அது முடிந்த பத்தாம் நாள் விசயதசமி. தட்டில் அரிசியைப் பரப்பி, பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கும் நாள். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதித்தான் எழுத்துப் படித்தார்கள். அதனுடைய மிச்சம்தான் இந்த அரிசித் தட்டு என்று நினைக்கிறேன். கோயிலிலே ஒரு நிமிடம்தான். படம் எடுக்கிறோம், கைப்பேசியில் சொந்தக்காரர்களுக்கு அனுப்புகிறோம். தட்டை அசைத்தால் எழுத்து மறைந்துவிடும், அடுத்த பிள்ளை உட்காரும். அதோடு எழுத்து முடிந்தது. மறுபடி அந்த 'அ'வைப் பிள்ளை பார்ப்பது ஒன்றாம் ஆண்டு வகுப்பில். இடையில் எத்தனை மாதம், சில பிள்ளைகளுக்கு எத்தனை ஆண்டு! நடப்பதை அப்படியே சொல்கிறேன், வாசகர்கள் வருத்தப்படக் கூடாது.

எங்கள் வரிசையில் ஓர் அக்கா இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். பால்வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று மூன்றாம் வகுப்போடு அவர் படிப்பை நிறுத்திவிட்டார்கள். மகன் துறைமுகத்தில் கொள்கலன் லாரி ஓட்டுகிறார். மருமகள் ஷா ஆலாமில் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. பேரன் இந்த ஆண்டு ஒன்றாம் ஆண்டுக்குப் போக வேண்டியவன்.

எந்தப் பள்ளி என்பதில் அந்த வீட்டில் மூன்று மாதம் பேச்சு. தேசியப் பள்ளி வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். தமிழ்ப்பள்ளிக்கு வேன் வேண்டும். மாதாமாதம் வேன் காசு, விடியுமுன் எழுந்து கிளம்ப வேண்டும். மருமகள் கேட்டது தவறில்லை. "ராத்திரி ஷிப்டு முடிஞ்சு நான் ஏழு மணிக்கு வர்றேன். இவனை யாரு அத்தை கிளப்பி வேன்ல ஏத்துறது?" ஏதோ தமிழ்ப் பகை என்று இதை யாரும் பேசிவிடக் கூடாது. மேடையில் தாய்மொழியைப் பற்றி முழங்குகிறவர்கள் வேன் காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அக்கா வாதம் எதுவும் செய்யவில்லை. 2025 அக்டோபர் 2-ஆம் நாள் விசயதசமிக்குப் பேரனைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். வீட்டிலும் ஒரு தட்டில் அரிசி பரப்பி எழுத வைத்தார். அந்த அரிசியைப் பொங்கி விடுவது வழக்கம். அவர் பொங்கவில்லை. பழைய பிஸ்கட் டின்னில் கொட்டி மூடி வைத்தார். மறுநாள் சாயங்காலம், மழை பிடித்துக்கொண்டு பையன் வெளியே போக முடியாமல் சிணுங்கியபோது, டின்னைத் திறந்து தட்டில் கொட்டினார். "வாடா, நேத்து எழுதுனதை எழுது பாப்போம்."

ஐப்பசி முழுக்கச் சாயங்கால மழைதானே. மழை வந்தால் அரிசித் தட்டு என்று ஆகிவிட்டது. தீபாவளி அன்றைக்கு மட்டும் விடுப்பு. அவருக்கே உயிர்மெய்யில் பாதி மறந்து போயிருந்தது. ஙகர வரிசையில் சந்தேகம் வந்தால் என் வீட்டு வாசலுக்கு வந்து, "டீச்சரம்மா, இந்த எழுத்துக்குக் கொம்பு எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டு போவார். ஙகரம் எதற்கு அக்கா, அதை யாரும் எழுதுவதில்லையே என்றால், "படிக்கிறதுன்னா முழுசாப் படிக்கட்டும்" என்பார். கார்த்திகை பிறப்பதற்குள் பையன் தன் பெயரை எழுதினான். தட்டில் இடம் போதாமல் கடைசி எழுத்து தரையில் விழுந்ததாம்.

இதற்கிடையில் பள்ளித் தவணையும் மாறியது. பெருந்தொற்றுக்குப் பிறகு 2022-இலிருந்து மூன்று ஆண்டுகள் பள்ளி மார்ச்சில் திறந்தார்கள். 2025-இல் பிப்ரவரி. 2026-இல் பழையபடி ஜனவரிக்கு வந்துவிட்டது. சிலாங்கூரில் ஜனவரி 12-ஆம் நாள் திறப்பு. அதே வாரத்தில் பொங்கல். விசயதசமிக்கும் பள்ளி திறப்புக்கும் நடுவில் இந்த முறை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மழைக்கால மூன்று மாதம்.

மருமகள் ஷிப்டு முடிந்து வந்து மகன் பேர் எழுதியதைப் பார்த்தார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, "வேன் எத்தனை மணிக்கு வரும்னு கேளுங்க அத்தை" என்றாராம். மகன் வேன்காரரிடம் பேசினார். விடியுமுன் யார் எழுப்புவது என்ற கேள்விக்கு அக்கா சிரித்தார். "நாப்பது வருசம் பெரட்டுக்கு எழுந்த கண்ணு, இன்னிக்கும் நாலு மணிக்குத் தானா முழிச்சுக்குது. அதுக்கு இப்பத்தான் ஒரு வேலை கிடைச்சிருக்கு."

முதல் நாள் காலை ஆறேகால் மணிக்கு வேன் வந்தது. பையன் நெற்றியில் திருநீறு, முதுகில் அவனைவிடப் பெரிய பை. தூறல் போட்டது. அக்கா வானத்தைப் பார்த்தார். பழைய பழக்கம், விட மாட்டேன் என்கிறது.

இப்போது பையன் பள்ளிப் புத்தகம் வாசிக்கிறான். சாயங்காலத்தில் தட்டு முன்னால் உட்காருவது பெரும்பாலும் அக்காதான். அவன் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். போன வாரம் என்னிடம் ஒரு குறை சொன்னார். டின்னில் இருந்த அரிசியில் வண்டு விழுந்துவிட்டதாம். தூக்கிப் போட மனம் வரவில்லை, சாமி அரிசி. வெயிலில் காய வைக்க வேண்டும். ஆனால் இந்த மாதம் கிள்ளானில் மூன்று மணிக்கு மேலே எதை நம்பி வெளியே வைப்பது? பத்து மணிக்கு முறத்தில் பரப்பி, இரண்டரைக்குள் எடுத்துவிடுங்கள் அக்கா என்றேன். "பேரன் வேன் ரெண்டு மணிக்கு வரும். அவனை எடுத்து வைக்கச் சொல்றேன்" என்றார்.